இஎம்ஐ நின்றது, கண்காணிப்பு நிற்கவில்லை: வீட்டுக்கடன் மறுசீரமைப்பில் யாரும் சொல்லாத சோதனைக் காலம்

திருவொற்றியூரில் ஒரு குடும்பம். தேரடிக்குப் பக்கத்துத் தெருவில் இரண்டு படுக்கையறை ஃபிளாட். அப்பா மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். கான்ட்ராக்ட் வேலை. மகளுக்கு ஓஎம்ஆரில் ஐடி வேலை. வீட்டுக்கடனில் இருவர் பெயரும் இருக்கிறது. யார்டில் ஆள் குறைத்தபோது அப்பாவுக்கு வேலை போனது. இரண்டு இஎம்ஐ தவறியது. வங்கிக்கு நடையாய் நடந்து, கடைசியில் கடனை மறுசீரமைத்துக் கொடுத்தார்கள். "ஆறு மாசம் கட்ட வேணாம். அப்புறம் வழக்கம்போல கட்டுங்க" என்றார்கள். வீட்டில் அன்றைக்குத்தான் எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள்.

ஆறு மாதம் முடிந்தது. அப்பாவுக்கு வேறு யார்டில் வேலை கிடைத்தது. மூன்றாவது தவணையின்போது ஓவர்டைம் காசு 5ஆம் தேதிக்குப் பதில் 8ஆம் தேதி வந்தது. கணக்கில் நானூறு ரூபாய் குறைவு. ஆட்டோ டெபிட் திரும்பிவிட்டது. "மூணு நாள்தானே பாப்பா, கட்டிடலாம்" என்றார் அப்பா. கட்டியும் விட்டார். ஆனால் அந்த மூன்று நாள் சாதாரண மூன்று நாள் இல்லை என்பது அவருக்கும் தெரியாது, மகளுக்கும் தெரியாது.

இது உதாரணத்துக்குச் சொன்ன குடும்பம்தான். ஆனால் ராயபுரம் முதல் எண்ணூர் வரை, வாரக்கூலியும் ஷிப்டும் கப்பலும் கடலும் வருமானத்தைத் தீர்மானிக்கும் பகுதியில், இப்படி ஒரு குடும்பத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. அவர்களிடம் யாரும் சொல்லாத விஷயம் ஒன்றுதான்: மறுசீரமைப்பு கிடைத்த நாளில் பிரச்சினை முடியவில்லை, சோதனைக் காலம் தொடங்குகிறது.

அமெரிக்காவில் பெயர் உண்டு, இங்கே இல்லை

வீட்டுக்கடன் நெருக்கடியில் அமெரிக்கா சிக்கியபோது, 2009இல் அந்நாட்டு அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. கட்ட முடியாதவர்களின் இஎம்ஐ-யைக் குறைத்து, வீடு ஏலத்துக்குப் போகாமல் காப்பாற்றுவது நோக்கம். அதில் ஒரு நிபந்தனை இருந்தது. குறைத்த தவணையை முதலில் மூன்று மாதம் ஒழுங்காகக் கட்டிக் காட்ட வேண்டும். அதற்கு 'சோதனைக் காலம்' என்றே பெயர். அதில் தேறினால்தான் நிரந்தர மாற்றம்.

திட்டம் 2016 வரை நடந்தது. அங்கேயும் குளறுபடிகள் இருந்தன. ஆரம்பத்தில் வருமான ஆவணங்களைச் சரிபார்க்காமலேயே பலரைச் சோதனைக் காலத்தில் சேர்த்துவிட்டு, பிறகு "தகுதி இல்லை" என்று கைவிரித்தார்கள். குறைந்த தவணையை நம்பிக் கட்டியவர்களுக்கு, விடுபட்ட பாக்கி மொத்தமாகத் தலையில் விழுந்தது. 2010 ஜூன் முதல் ஆவணத்தைப் பார்த்த பிறகே சோதனைக் காலம் என்று விதியை மாற்றினார்கள். 2012இல் சிகாகோவில் உள்ள கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், சோதனைக் கால ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான், நிபந்தனைகளைக் கடன்தாரர் நிறைவேற்றியிருந்தால் வங்கி பின்வாங்க முடியாது என்ற நிலைப்பாட்டை எடுத்தது.

குறைகள் இருந்தாலும், தான் சோதனையில் இருக்கிறோம் என்பது அங்கே கடன் வாங்கியவருக்குத் தெரிந்திருந்தது. இந்தியாவிலும் சோதனைக் காலம் இருக்கிறது. அதன் பெயர் 'கண்காணிப்புக் காலம்'. அது மறுசீரமைப்புக்கு முன்னால் வருவதில்லை, பின்னால் வருகிறது. மூன்று மாதத்தில் முடிவதும் இல்லை.

90 நாள் கணக்கு

முதலில் அடிப்படை. இஎம்ஐ தேதி தாண்டிய முதல் நாளிலிருந்து வங்கிக் கணினி நாட்களை எண்ணத் தொடங்கும். 30 நாள் வரை எஸ்எம்ஏ-0. 31 முதல் 60 வரை எஸ்எம்ஏ-1. 61 முதல் 90 வரை எஸ்எம்ஏ-2. 90 நாளைத் தாண்டினால் என்பிஏ, அதாவது வாராக்கடன்.

"ஒரு இஎம்ஐ கட்டிட்டா என்பிஏ-வுல இருந்து வெளிய வந்துடலாம்" என்று இன்னமும் பலர் நம்புகிறார்கள். அது பழைய கதை. வட்டியும் அசலும் சேர்த்து மொத்த நிலுவையையும் கட்டினால்தான் கணக்கு மீண்டும் ஒழுங்கான கணக்காகும் என்று 2021 நவம்பர் 12 அன்று ரிசர்வ் வங்கி தெளிவுபடுத்திவிட்டது.

கோவிட் காலத்தை வைத்துக் கணக்குப் போடக்கூடாது

மறுசீரமைப்பு என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது 2020. அந்த ஆண்டு மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதம் இஎம்ஐ கட்டாமல் இருக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது. பிறகு ஆகஸ்ட் 6 அன்று மறுசீரமைப்புத் திட்டத்தை அறிவித்தது. கடன் காலத்தை இரண்டு ஆண்டு வரை நீட்டிக்கலாம், 2020 டிசம்பர் 31க்குள் முடிவெடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். இரண்டாவது அலையில், 2021 மே 5 அன்று இன்னொரு திட்டம். அதற்குக் கடைசி நாள் அந்த ஆண்டு செப்டம்பர் 30.

இந்த இரண்டு திட்டங்களிலும் ஒரு விசேஷ சலுகை இருந்தது. மறுசீரமைத்தாலும் கணக்கு வாராக்கடனாகக் கீழே இறங்காது. அந்தக் கதவுகள் இரண்டும் மூடிவிட்டன. இன்றைக்கு வேலை போய்விட்டது என்று வங்கிக்குப் போகிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது, பொது விதிதான். "எங்க மாமாவுக்கு 2021ல பண்ணிக் குடுத்தாங்க, ஒண்ணும் ஆகல" என்று யாராவது சொன்னால், அது வேறு விதி, வேறு காலம்.

பொது விதி என்ன சொல்கிறது?

2019 ஜூன் 7 அன்று ரிசர்வ் வங்கி வகுத்த கட்டமைப்பின் சாரம் இது. பண நெருக்கடியில் இருப்பவருக்கு வங்கி சலுகை கொடுத்துக் கடன் நிபந்தனையை மாற்றினால், ஒழுங்காக இருந்த கணக்குகூட உடனே வாராக்கடன் வகைக்கு இறங்கும். மேலே ஏற இரண்டு நிபந்தனைகள். ஒன்று, சலுகைக் காலம் முடிந்து தவணை தொடங்கியதிலிருந்து குறைந்தது ஓராண்டு ஆக வேண்டும். இரண்டு, அசலிலும் அதோடு சேர்க்கப்பட்ட வட்டியிலும் 10 சதவீதத்தைக் கட்டி முடித்திருக்க வேண்டும். அதுவரை கண்காணிப்புக் காலம். அந்தக் காலம் முழுக்க 'திருப்திகரமான செயல்பாடு' வேண்டும். அதற்கு விதி தரும் விளக்கம்: எந்த ஒரு கட்டத்திலும் தவணை தவறாமல் இருப்பது.

கவனிக்க வேண்டிய சொல் 'எந்த ஒரு கட்டத்திலும்'. 90 நாள் என்று அங்கே இல்லை. சாதாரணக் கடனில் மூன்று நாள் தாமதம் என்றால் ஒரு அபராதத்தோடு போய்விடும். கண்காணிப்புக் காலத்தில் விதியின் சொற்படி பார்த்தால், அதுவும் தவறியதுதான். திருவொற்றியூர் அப்பாவின் நானூறு ரூபாய் இடிப்பது இங்கேதான்.

10 சதவீத நிபந்தனை இன்னொரு பொறி. தொழில் நிறுவனங்களின் கடனில் 10 சதவீத அசல் சீக்கிரம் அடைந்துவிடலாம். வீட்டுக்கடனில் ஆரம்ப ஆண்டுகளில் தவணையின் பெரும்பகுதி வட்டிக்கே போகிறது. அசல் கரைவது ஆமை வேகம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம்

திருவொற்றியூர் குடும்பத்தின் பாக்கி 25 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மீதி 15 வருடம், வட்டி 9 சதவீதம். இஎம்ஐ சுமார் 25,357 ரூபாய்.

வங்கி ஆறு மாதம் விடுப்பு கொடுக்கிறது. கடன் காலத்தை, அந்த ஆறு மாதத்தையும் சேர்த்து, இரண்டு வருடம் நீட்டுகிறது. விடுப்பில் வட்டி நிற்பதில்லை. மாதாமாதம் அசலோடு சேர்கிறது. ஆறு மாத முடிவில் 25 லட்சம், 26 லட்சத்து 14 ஆயிரத்து சொச்சமாக நிற்கும். அதை மீதியுள்ள 198 மாதங்களில் கட்ட வேண்டும். புதிய இஎம்ஐ எவ்வளவு? சுமார் 25,393 ரூபாய்.

ஆமாம், குறையவே இல்லை. 36 ரூபாய் கூடியிருக்கிறது. இரண்டு வருட நீட்டிப்பின் பலன் முழுவதையும் ஆறு மாத விடுப்பு தின்றுவிட்டது. 180 தவணைக்குப் பதில் 198 தவணை. மொத்தமாகக் கட்டும் பணம் சுமார் 4 லட்சத்து 63 ஆயிரம் ரூபாய் அதிகம். அன்றைக்குத் தள்ளிப்போட்டது 1 லட்சத்து 52 ஆயிரம் ரூபாய்.

இதே குடும்பம் அந்த ஆறு மாதமும் வட்டியை மட்டும் கட்டியிருந்தால்? மாதம் 18,750 ரூபாய். கடன் 25 லட்சத்திலேயே நின்றிருக்கும். பிறகு பழைய இஎம்ஐ, அதே 180 தவணை. கூடுதல் செலவு 1 லட்சத்து 12 ஆயிரத்து 500 ரூபாய்தான். கையில் ஒன்றுமே இல்லாதவருக்கு 18,750 ரூபாயும் மலைதான். ஆனால் மகளின் சம்பளமோ கொஞ்சம் சேமிப்போ இருக்கும் வீட்டில், இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியிருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கலாம். பெரும்பாலும் யாரும் காட்டுவதில்லை.

இப்போது அந்த 10 சதவீதத்துக்கு வருவோம். 26.14 லட்சத்தில் 10 சதவீதம் 2 லட்சத்து 61 ஆயிரம். முதல் தவணையில் அசலுக்குப் போவது 5,800 ரூபாய்கூட இல்லை. இந்த வேகத்தில் 10 சதவீத அசல் அடைய சுமார் 39 தவணைகள் ஆகும். விடுப்பு ஆறு மாதத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய நான்கு வருடம். அமெரிக்காவில் மூன்று மாதம் என்று சொன்ன சோதனை, இங்கே ஒரு வீட்டுக்கடன்காரருக்கு நாலு வருடம் வரை நீள முடியும். அதுவும் சோதனை என்று பெயர் சொல்லாமல்.

வங்கி ஏன் தயங்குகிறது?

"ரீஸ்ட்ரக்சர் வேணாம் சார், எப்படியாவது கட்டிடுங்க" என்று கிளையில் சொல்வதற்கும் காரணம் உண்டு. ஒழுங்காகக் கட்டப்படும் வீட்டுக்கடனுக்கு வங்கி ஒதுக்க வேண்டிய தொகை 0.25 சதவீதம். 25 லட்சத்துக்கு 6,250 ரூபாய். அதே கடன் வாராக்கடனாக இறங்கினால் முதல் கட்டத்திலேயே 15 சதவீதம், 3 லட்சத்து 75 ஆயிரம் ரூபாய். வங்கிக்கும் இது வலிக்கிற கணக்கு. அதனால்தான் சிலருக்கு இல்லை என்ற பதிலும், சிலருக்கு அரைகுறை விளக்கமும் கிடைக்கின்றன.

முதலில் தட்ட வேண்டிய கதவுகள்

மறுசீரமைப்பு கடைசிக் கதவாக இருப்பதே நல்லது. அதற்கு முன்னால் இரண்டு கதவுகள் உண்டு.

ஒன்று, வட்டி. ரெப்போ விகிதம் 2022 மே மாதத்துக்கு முன் 4 சதவீதம். 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதம். 2025இல் படிப்படியாக 5.25 சதவீதத்துக்கு இறங்கியது. ஏறும்போது உடனே ஏறிய வட்டி, இறங்கும்போது பழைய வாடிக்கையாளருக்கும் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2019 அக்டோபருக்கு முன் வாங்கிய வங்கிக் கடனாக இருந்தால், ரெப்போவோடு இணைந்த வட்டிக்கு மாற முடியுமா என்று கேட்கலாம்.

இரண்டு, கால அளவு. வட்டி மாறும்போது இஎம்ஐ-யைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலப்பதா என்பதைத் தேர்வு செய்யும் உரிமை கடன்தாரருக்கு உண்டு என்று 2023 ஆகஸ்ட் 18 அன்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. வட்டி மாற்றத்துக்காகச் செய்யும் இந்த நீட்டிப்பு வேறு, நெருக்கடிக்காகக் கொடுக்கும் சலுகை வேறு. எழுத்துமூலம் கேட்கும்போது எந்தக் கதவைத் தட்டுகிறோம் என்று தெரிந்து கேட்க வேண்டும்.

இரண்டு கதவும் திறக்காவிட்டால், 90 நாள் ஆகும் முன்பே, முடிந்தால் முதல் தவணை தவறும் முன்பே மறுசீரமைப்பு கேட்பது நல்லது. வேலை போன கடிதம், மருத்துவமனை பில், வங்கிக் கணக்கு விவரம் எல்லாவற்றையும் இணைத்து, கையெழுத்தும் முத்திரையும் பெற்ற நகலைக் கையில் வைத்திருக்க வேண்டும். "மேனேஜர் சரின்னு சொன்னாரு" என்பது எந்த இடத்திலும் சாட்சி ஆகாது.

சோதனைக் காலத்தில் என்ன நடக்கும்?

முதல் விஷயம் சிபில். அறிக்கையில் அந்தக் கடன் 'மறுசீரமைக்கப்பட்டது' என்று பதிவாகும். அப்பாவுக்கு மட்டும் இல்லை, இணை விண்ணப்பதாரரான மகளுக்கும்தான். "லோன் அப்பாவோடதுதானே, நான் சும்மா கையெழுத்து போட்டேன்" என்பது வங்கி மொழியில் செல்லாது. மகள் பைக் லோன், கிரெடிட் கார்டு, கல்யாணத்துக்குப் பிறகு தன் பெயரில் ஒரு வீட்டுக்கடன் என்று எதைக் கேட்டாலும் இந்த வரி முன்னால் வந்து நிற்கும். வங்கி வேலைக்கான அறிவிப்புகள் சிலவற்றில், கடன் தவறிய பதிவு இருந்தால் தகுதி இல்லை என்ற நிபந்தனையும் இருக்கிறது.

அடுத்து ஆட்டோ டெபிட். தவணைத் தொகை மாறினால் பழைய மேண்டேட்டை ரத்து செய்து புதியது கொடுத்தாக வேண்டும். பழையது ஓடிக்கொண்டிருந்தால் தவறான தொகைக்குப் போய்த் திரும்பும். ஆட்டோ டெபிட் திரும்புவது செக் பவுன்ஸ் போலவே 2007ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றமாகவும் ஆகலாம். சம்பளம் 7ஆம் தேதி வரும் வீட்டில் தவணைத் தேதி 5 ஆக இருந்தால், மறுசீரமைப்பு ஒப்பந்தத்திலேயே அதை 10 ஆக மாற்றித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும். இந்த ஒரு கோரிக்கையே நாலு வருட நிம்மதி தரும். ஒரு தவணை அளவு பணத்தை அந்தக் கணக்கிலேயே தொடாமல் வைத்திருக்க முடிந்தால் இன்னும் நல்லது.

மூன்றாவது, அபராதம். தாமதத்துக்கு அபராதக் கட்டணம் வாங்கலாம். ஆனால் அதை வட்டியாகப் போடவோ, அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடவோ கூடாது. 2024 முதல் நடைமுறையில் இருக்கும் விதி இது.

நான்காவது, கையில் காசு வரும்போது. மிதக்கும் வட்டி வீட்டுக்கடனைத் தனிநபர் முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. போனஸோ சீட்டுப் பணமோ வந்தால் அசலில் கட்டலாம். 10 சதவீத இலக்கு சீக்கிரம் வரும், சோதனைக் காலம் சுருங்கும். கட்டும்போது "அசலில் கழிக்கவும்" என்று எழுதிக் கொடுப்பது அவசியம்.

வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் போன் செய்யக்கூடாது என்பதும் ரிசர்வ் வங்கி விதிதான்.

தவறினால்?

சோதனையில் தோற்றால், வங்கி சர்ஃபேசி சட்டத்தைக் கையில் எடுக்கலாம். 2002இல் வந்த இந்தச் சட்டப்படி, வாராக்கடனான வீட்டை நீதிமன்றத்தில் வழக்குப் போடாமலேயே வங்கி கைப்பற்ற முடியும். ஆனால் ஒரே நாளில் முடியாது. முதலில் 60 நாள் அவகாசம் தரும் நோட்டீஸ். அதற்கு ஆட்சேபம் எழுதினால் 15 நாளுக்குள் வங்கி பதில் சொல்ல வேண்டும். கைப்பற்றும் நடவடிக்கை எடுத்தால், 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். முழுப் பாக்கியையும் கட்டி வீட்டை மீட்கும் உரிமை ஏல அறிவிப்பு வெளியாகும் முன்பு வரைதான். அசலும் வட்டியும் சேர்ந்த தொகையில் 20 சதவீதத்துக்கும் குறைவாகவே பாக்கி இருந்தால், இந்தச் சட்டத்தையே பயன்படுத்த முடியாது.

நோட்டீஸ் வந்ததும் பயந்து அதைப் பீரோவில் வைத்துப் பூட்டுவதுதான் மிகப் பெரிய தவறு. அந்த 60 நாள்தான் பேரம் பேசுவதற்கான நேரம். வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. கடன் கொடுத்தது வீட்டுக்கடன் நிறுவனமாக இருந்தால் புகார் போக வேண்டிய இடம் தேசிய வீட்டுவசதி வங்கி.

கடலுக்கும் கப்பலுக்கும் 5ஆம் தேதி தெரியாது

இந்த விதிகள் எல்லாம் ஒரு மனிதரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. மாதம் பிறந்தால் சம்பளம் வரும் மனிதர். வடசென்னையில் பாதிப் பேர் அவர் இல்லை.

காசிமேட்டில் விசைப்படகை நம்பியிருக்கும் வீட்டில், ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில் நிற்கும், இஎம்ஐ நிற்காது. துறைமுகத்தை நம்பிய லாரி ஓட்டுநருக்கு டிரிப் கிடைக்கும் மாதம் ஒரு கணக்கு, எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசையில் நின்றே நாள் போகும் மாதம் வேறு கணக்கு. 2023 டிசம்பரில் என்ன நடந்தது? மாத ஆரம்பத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளம். வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய்ப் படலம். வலையும் படகும் பிசுபிசுத்துக் கிடந்தன. அந்த மாதம் 26ஆம் தேதி இரவு பெரியகுப்பத்தில் அமோனியா கசிவு. ஒரே மாதத்தில் மூன்று அடி. அந்த மாதமும் 5ஆம் தேதி வந்தது, ஆட்டோ டெபிட்டும் வந்தது.

'எந்த ஒரு கட்டத்திலும் தவறக்கூடாது' என்ற நிபந்தனையை நாலு வருடத்துக்கு இப்படிப்பட்ட வருமானத்தின் மேல் வைத்தால், தேறுகிறவரை விடத் தோற்கிறவர் அதிகமாக இருப்பதில் ஆச்சரியம் என்ன?

பருவத்தைப் பார்த்துக் கடன் விதி எழுத ரிசர்வ் வங்கிக்குத் தெரியாமல் இல்லை. பயிர்க்கடனுக்கு 90 நாள் கணக்கு கிடையாது. குறுகிய காலப் பயிர் என்றால் இரண்டு அறுவடைப் பருவம் வரை பாக்கி இருந்தால்தான் வாராக்கடன். வயலுக்குப் பருவம் உண்டு என்பது புரிந்த விதிக்கு, கடலுக்கும் பருவம் உண்டு என்பது புரியாதா?

செய்ய வேண்டியது பெரிய புரட்சி இல்லை

மூன்று மாற்றம் போதும். 2024 அக்டோபர் 1 முதல் புதிய வீட்டுக்கடனுக்கு, வட்டி, கட்டணம் எல்லாம் அடங்கிய முக்கிய விவர அறிக்கையைக் கடன்தாரருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்பது விதி. மறுசீரமைக்கும்போதும் அதேபோல ஒரு பக்கம், தமிழில், கட்டாயமாக்கலாம். கண்காணிப்புக் காலம் எந்தத் தேதி தொடங்குகிறது, எந்தத் தேதி முடியும், எதைச் செய்தால் முறியும், சிபிலில் எப்படிப் பதிவாகும், மொத்தம் எவ்வளவு கூடுதலாகக் கட்ட வேண்டும், வட்டி மட்டும் கட்டினால் எவ்வளவு. ஆறு வரி.

இரண்டாவது, தனிநபர் வீட்டுக்கடனுக்கு 10 சதவீத நிபந்தனையை எடுத்துவிட்டு, ஓராண்டு ஒழுங்காகக் கட்டினால் கணக்கு மேலே ஏறலாம் என்று வைக்கலாம். ஐந்தாறு நாள் தாமதத்தை வருடத்துக்கு ஒருமுறை மன்னிக்கலாம். மூன்றாவது, தடைக்காலம் போலத் தேதி தெரிந்த வருமான இடைவெளிக்கு ஏற்ப, ஏப்ரல், மே மாதங்களில் குறைந்த தவணை, மற்ற மாதங்களில் கூடுதல் தவணை என்று அட்டவணை போட்டுக் கொடுக்கலாம்.

"இப்படி இளக்கிக்கிட்டே போனா எவன் ஒழுங்கா கட்டுவான்?" என்ற கேள்வி வரும். நியாயமான கேள்வி. வங்கியில் இருப்பது இன்னொருவரின் டெபாசிட் பணம். 2021 மார்ச் 23 அன்று உச்ச நீதிமன்றம், கோவிட் சலுகைக் காலத்தில் வட்டிக்கு வட்டி கூடாது என்றது. அதே தீர்ப்பில், வட்டியை முழுவதும் தள்ளுபடி செய்ய முடியாது, டெபாசிட்தாரருக்கு வங்கி வட்டி கொடுத்தாக வேண்டும் என்றும் சொன்னது. தள்ளுபடி வேறு, தகவல் வேறு. இங்கே கேட்பது ஒரு ரூபாய் தள்ளுபடி இல்லை. கட்டத் தயாராக இருப்பவருக்கு, எந்தத் தேதியில் எதைத் தவறவிடக்கூடாது என்று முன்கூட்டியே சொல்வதுதான். விதி தெரிந்து கட்டுகிறவர் தேறினால் வங்கிக்கும் அந்த 3 லட்சத்து 75 ஆயிரம் ரூபாய் ஒதுக்கீடு விடுபடும்.

திருவொற்றியூர் அப்பா மூன்று நாள் தாமதமாகக் கட்டினார். கட்டாமல் ஓடவில்லை. நானூறு ரூபாயை முதல் நாளே கடன் வாங்கிப் போட அந்தத் தெருவில் அவருக்கு நாலு பேர் இருந்தார்கள். அன்றைக்கு அது எவ்வளவு முக்கியம் என்று அவருக்குச் சொல்லத்தான் ஒருவர்கூட இல்லை.